துணியில் தைத்த 'டாங்க்': ஜெர்மனி ராணுவத்தின் டம்மி வண்டிகள்

ஒரு சின்ன கார். அதைச் சுற்றி மரச்சட்டம், கேன்வாஸ் துணி. மேலே ஒரு போலித் துப்பாக்கி. 1920-களில் ஜெர்மனி ராணுவப் பயிற்சியில் ஓடிய 'டாங்க்' இதுதான்!

ஏன் இந்த நிலைமை? முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனி, 1919-ல் வெர்சாய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. ராணுவத்தில் 1 லட்சம் பேர்தான் இருக்கலாம், டாங்க்கும் கவச காரும் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது என்றது அது.

வண்டி இல்லை சரி, ஆனா டாங்க்கோடு சேர்ந்து எப்படி நகர்றது, எதிரி டாங்க் வந்தா பீரங்கியை எங்கே நிறுத்துறதுன்னு வீரர்கள் பழகியாகணுமே? அதுக்கு நிஜ கவசம் வேண்டாம், பார்க்க டாங்க் மாதிரி இருந்து நகர்ந்தா போதும். பள்ளிப் பிள்ளைகள் பென்சிலால் துணியைக் குத்தி உள்ளே எட்டிப் பார்ப்பார்களாம். சொல்பவர் வேறு யாருமல்ல, ஜெர்மனியின் டாங்க் படையை உருவாக்கிய தளபதி குடேரியன், தன் நினைவுக் குறிப்புகளில்.

ஆனால், துணி வண்டி சொல்லித் தராத ஒரு பாடம் இருக்கு. எடை! தகடு தடிமனா இருந்தா குண்டு துளைக்காது, ஆனா அச்சு தாங்காது, சேற்றில் புதையும். 1930-களின் தொடக்கத்தில் நிஜமாகவே செய்த ஒரு கவச காரில் இது அப்படியே தெரிந்தது. அட்லர் பயணிகள் காரின் சேஸிஸ், 8 மி.மீ. தகடு, ஒரு இயந்திரத் துப்பாக்கி, 2 பேர். மேலே கூரையே கிடையாது. வீரர்கள் வைத்த பட்டப்பெயர், 'குளியல் தொட்டி'.

அந்தத் தொட்டிகளும் 1939-ல் போலந்துக்குள் ஓடின.