ஒரு சொட்டு நல்லெண்ணெய்... ஒரு பட்டை பதநீர்! குன்றாண்டார்கோவில் வழியில் ருசி பார்க்கலாம் வாங்க

புதுக்கோட்டை மாவட்டத்தில், திருச்சி - புதுக்கோட்டை சாலையில் இருக்கும் கீரனூர் வழியாகப் போனால் வருகிறது குன்றாண்டார்கோவில். பாறையைக் குடைந்து எடுத்த பர்வதகிரீஸ்வரர் குகைக்கோயில்தான் ஊரின் அடையாளம். பல்லவர் காலக் கல்வெட்டுகள் உள்ள இடம். குகைக்கு முன்னால் சக்கரங்களும் குதிரைகளுமாக, ஒரு கல் தேரைப் போலவே நிற்கிறது பிற்காலத்து மண்டபம். நிதானமாகப் பார்த்தாலும் ஒரு மணி நேரம் போதும்.

அதற்குப் பிறகு? கார் நார்த்தாமலைக்கோ சித்தன்னவாசலுக்கோ திரும்பிவிடும். போட்டோக்கள் போனில் இருக்கும். ஆனால், 'அந்த ஊர்ப் பக்கம் என்ன ருசி?' என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. வழியில் குடித்தது பாட்டில் தண்ணீர், கொறித்தது பாக்கெட் சிப்ஸ்!

இங்கே சாப்பாட்டுக்கும் கோயிலுக்கும் பழைய உறவு உண்டு. திருவாதிரை நாளில் 100 பேருக்குச் சோறிடக் கொடுத்த கொடையைச் சொல்லும் கல்வெட்டு இந்தக் கோயிலில் இருக்கிறது. வந்தவர் வாயில் ஊர் விளைச்சல் ஒரு கவளமாவது பட வேண்டும் என்பது இந்த மண்ணுக்குப் புதிய யோசனை இல்லை.

அந்த யோசனையைத்தான் இன்று இத்தாலி, கிரீஸ், ஸ்பெயின் நாட்டுக் கிராமங்கள் சுற்றுலாவாக மாற்றியிருக்கின்றன.

அரை மணி நேர வகுப்பு

பழைய கோயிலையோ கோட்டையையோ பார்க்க வரும் பயணி, பக்கத்திலுள்ள தோட்டத்தில் ஒரு மணி நேரம் உட்காருகிறார். நான்கைந்து சிறு கிண்ணங்களில் ஒயினும் ஆலிவ் எண்ணெயும் வருகின்றன. கூடவே ரொட்டி, பாலாடைக்கட்டி. தோட்டக்காரரே எதிரில் நின்று, 'இது இந்த மேட்டில் விளைந்தது, இது முதல் அறுவடை' என்று சொல்லிச் சொல்லிக் கொடுக்கிறார். போகும்போது பயணி கையில் இரண்டு பாட்டில் இருக்கும். ஊருக்குப் போய் பத்து பேரிடம் சொல்லவும் ஒரு கதை இருக்கும்.

இந்தியாவிலும் இது வந்துவிட்டது. நாசிக்கில் சுலா நிறுவனம் 2005-ல் திராட்சைத் தோட்டத்திலேயே ஒயின் ருசி பார்க்கும் கூடத்தைத் திறந்தது. ராஜஸ்தானில் 2007 முதல் இஸ்ரேல் உதவியோடு ஆலிவ் சாகுபடியே நடந்தது.

எண்ணெயை ருசி பார்ப்பதில் முறை இருக்கிறது. சின்ன கிளாஸை உள்ளங்கையில் பொத்தி, கொஞ்சம் வெதுவெதுப்பாக்க வேண்டும். மூடியைத் திறந்ததும் முகர வேண்டும். பிறகு ஒரு வாய் எடுத்து, பல்லிடுக்கு வழியாகக் காற்றை 'ஸ்ஸ்' என்று இழுத்து, எண்ணெயை நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்க வேண்டும். நிபுணர்கள் பயன்படுத்தும் கிளாஸ் அடர்நிறத்தில் இருக்கும். எண்ணெயின் நிறத்தைப் பார்த்து மனசு முன்கூட்டியே முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக!

நாக்கு சில சமயம் ஆய்வகத்துக்கே வழிகாட்டும். அமெரிக்க விஞ்ஞானி கேரி போஷாம்ப் 1999-ல் இத்தாலியின் சிசிலித் தீவில், புதிதாக ஆட்டிய ஆலிவ் எண்ணெயை ருசி பார்த்தார். தொண்டையில் சுருக்கென்று ஒரு காரல். 'இது இபுப்ரோஃபென் மருந்து விழுங்கும்போது வரும் எரிச்சலாயிற்றே' என்று அவருக்குப் பொறி தட்டியது. ஆராய்ந்து பார்த்ததில், அந்த வலி நிவாரணியைப் போலவே வீக்கத்தைத் தணிக்கும் தன்மையுள்ள பொருள் ஒன்று எண்ணெயில் இருந்தது. 'ஒலியோகாந்தால்' என்ற பெயரோடு 2005-ல் 'நேச்சர்' இதழில் அந்தக் கண்டுபிடிப்பு வெளியானது.

இவ்வளவையும் படித்துவிட்டு நம் அடுக்களையைத் திரும்பிப் பார்த்தால் ஒரு கேள்வி வருகிறது. நாம் கடைசியாக நல்லெண்ணெயை எப்போது முகர்ந்து பார்த்து வாங்கினோம்?

பெயரிலேயே எள் இருக்கிறது

எள்ளின் நெய்தான் 'எண்ணெய்'. பிறகு தேங்காயிலிருந்து வந்தாலும் கடலையிலிருந்து வந்தாலும் எல்லாமே எண்ணெய் ஆயிற்று. ஆனால், 'நல்ல' என்ற பட்டம் மட்டும் எள்ளோடு நின்றுவிட்டது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'செக்கிறை' என்று ஒரு வரி வருகிறது. செக்குக்குத் தனியாக வரி போடும் அளவுக்கு அது ஊர் வாழ்க்கையில் முக்கியமான தொழில்.

செக்கில் எள்ளை ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பார்கள். உலக்கை சுற்றச் சுற்ற, எள் விழுதாகிப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் பிரிந்துவர கருப்பட்டி உதவும். சக்கையாக நிற்பது புண்ணாக்கு, அது மாட்டுக்கு. எண்ணெயைச் சில நாள் வெயிலில் வைத்துத் தெளியவிட்டு, மேலாக இறுத்து எடுப்பார்கள். எள்ளும் பனையும் சந்திக்கிற இடம் அந்தச் செக்கு.

எள்ளெண்ணெய் சீக்கிரம் கெடாது. அதிலுள்ள செசமின், செசமோலின் வகைப் பொருள்களும் அவற்றிலிருந்து உருவாகும் செசமாலும்தான் அதற்குக் காவல். ஊறுகாய்க்குப் பாட்டிமார் நல்லெண்ணெயைத் தேர்ந்தெடுத்ததில் காரணம் இல்லாமல் இல்லை.

இன்னொரு சுவாரஸ்யம். நெய்யில் வனஸ்பதி கலப்பதைக் கண்டுபிடிக்க வசதியாக, வனஸ்பதி தயாரிக்கும்போதே 5 சதவீதம் எள்ளெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று இந்தியாவில் விதி இருந்தது. எள்ளெண்ணெய் இருந்தால் ஒரு எளிய ரசாயனச் சோதனையில் சிவப்பு நிறம் காட்டிக்கொடுத்துவிடும். கலப்படத்தைப் பிடிக்கும் போலீஸாக இருந்த எண்ணெயில், இன்று கலப்படம் இருக்கிறதா என்று நாம் பயப்படுகிறோம்!

எண்ணெயை எப்படி ருசிப்பது?

புதுக்கோட்டை, திருச்சி என்று எந்த ஊர்ப் பக்கம் போனாலும் 'மரச்செக்கு எண்ணெய்' என்ற பலகை இப்போது கண்ணில் படுகிறது. எதிரிலேயே ஆட்டித் தருகிற கடையாகப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். எள்ளையும் பாருங்கள், ஆட்டுவதையும் பாருங்கள். பிறகு ஒரு ஸ்பூன் கேளுங்கள்.

உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து முகருங்கள். எள் வாசனை மெதுவாக எழ வேண்டும். மூக்கைத் துளைக்கும் அளவுக்கு இருந்தால் சந்தேகப்படலாம். வாசனை எசென்ஸ் சேர்ப்பவர்களும் உண்டு. அடுத்து, அரை ஸ்பூன் நாக்கில். முதலில் லேசான இனிப்பு தெரியும். முடிவில் எள்ளுக்கே உரிய சின்னக் கசப்பு நிற்கும். பழைய எண்ணெய் என்றால் சிக்கு வாடை அடித்து, தொண்டையில் காறும். ஆலிவ் எண்ணெயில் தொண்டைச் சுருக்கு நல்ல அடையாளம். நல்லெண்ணெயில் காறல் கெட்ட அடையாளம்.

புதுக்கோட்டைச் செம்மண்ணில் விளையும் நிலக்கடலையையும் விட்டுவிடாதீர்கள். நல்ல கடலை எண்ணெயை முகர்ந்தால், உரித்த பச்சைக் கடலை ஞாபகத்துக்கு வர வேண்டும். ஓர் எண்ணெய்க்கும் அடுத்த எண்ணெய்க்கும் நடுவில் ஆலிவ்காரர்கள் ஆப்பிள் துண்டு கடிப்பார்கள். நமக்கு வெள்ளரித் துண்டும் ஒரு வாய் வெந்நீரும் போதும்.

வீட்டில் குழந்தைகளோடு ஒரு விளையாட்டும் ஆடலாம். மூன்று கிண்ணங்களில் மூன்று எண்ணெய். எது எந்த பாட்டில் என்று ஊற்றியவருக்கு மட்டும்தான் தெரிய வேண்டும். பெயரை மறைத்துவிட்டால் நாக்கு பொய் சொல்லாது. 1976-ல் பாரிஸில் இப்படி லேபிளை மறைத்து ஒயின் போட்டி நடத்தியபோது, பிரெஞ்சு நடுவர்களே புகழ்பெற்ற பிரெஞ்சு ஒயின்களை விட்டுவிட்டு கலிஃபோர்னியா ஒயின்களுக்கு முதலிடம் கொடுத்துவிட்டார்கள்.

ஒயின் ஆகாமல் நிறுத்திய சாறு

ஒயினுக்கு இங்கே மாற்று என்ன? பனை மரத்தில் இருக்கிறது பதில்.

திராட்சைச் சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுவதுதான் ஒயின். பனஞ்சாறும் அப்படியே விட்டால் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. புளிக்காமல் நிறுத்த பனையேறிகள் கையாளும் உத்தி எளியது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிவிட்டு, சீவிய பாளையில் கட்டுகிறார்கள். சாறு பதநீராகவே இறங்குகிறது.

மது எந்த அளவிலும் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. பதநீருக்கு அந்தச் சிக்கல் இல்லை. தாத்தாவும் பேத்தியும் சேர்ந்தே ருசிக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் ஒரு வாயோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இனிப்பு நிறைய.

கோடைதான் பதநீருக்குப் பருவம். காலையில் இறக்கியதைக் காலையிலேயே குடிக்க வேண்டும். பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடிக்கும்போது, ஓலையின் பச்சை வாசனையும் சேரும். முதலில் இனிப்பு, பின்னாலேயே சுண்ணாம்பின் மெல்லிய உறைப்பு. புளிப்பு தட்டினால் நேரமாகிவிட்டது என்று அர்த்தம். நுரைத்துப் பொங்கினால் தொடவே வேண்டாம். தண்ணீரில் சர்க்கரையோ சாக்ரினோ கலந்ததாக இருந்தால், இனிப்பு மட்டும் நாக்கில் ஒட்டி நிற்கும்; பனை வாசனை இருக்காது.

விலை ஏன் அதிகம்?

'செக்கு எண்ணெய் விலை ரொம்ப ஜாஸ்தி' என்பதுதான் பலர் சொல்லும் குறை. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

எள்ளில் ஏறத்தாழ பாதி எண்ணெய். ஆனால், செக்கில் முழுவதையும் பிழிந்துவிட முடியாது. ஒரு கிலோ நல்லெண்ணெய்க்கு சுமார் இரண்டரை கிலோ எள் வேண்டும். அதோடு கருப்பட்டி, மின்சாரம், ஆள் கூலி. புண்ணாக்கு விற்றுக் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், அவ்வளவுதான். எனவே, கடைக்குப் போனதும் எள் விலையைக் கேளுங்கள். அதை இரண்டரையால் பெருக்குங்கள். வருகிற தொகைக்கு மிகக் குறைவாக 'சுத்தமான செக்கு நல்லெண்ணெய்' விற்கிறது என்றால், அந்த பாட்டிலில் எள் மட்டும்தான் இருக்கிறதா என்று கேட்கத்தான் வேண்டும்.

பாக்கெட்டில் வாங்கினால் லேபிளின் சின்ன எழுத்துகளைப் படியுங்கள். 'கலப்பு சமையல் எண்ணெய்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் போட்டிருந்தால் அதில் வேறு எண்ணெயும் உண்டு. இது சட்டப்படி அனுமதிக்கப்பட்டதுதான். தெரிந்து வாங்குவது நம் வேலை. நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதிதான், அதில் பெரும்பங்கு பாமாயில். அந்த விலையோடு ஒரு சிறிய செக்குக்காரர் போட்டி போட முடியாது. அவரிடம் இருக்கும் ஒரே பலம் ருசி. அதை ருசி பார்த்து அடையாளம் காணத் தெரிந்த வாடிக்கையாளர் இல்லாவிட்டால், அந்தப் பலமும் வீண்.

பனைக்கும் இதே நிலைமை. ஒவ்வொரு மரத்திலும் தினமும் காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவ வேண்டும். ஏறுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பு மரத்தைக் காப்பாற்றலாம். மரம் ஏறுகிறவரைக் காப்பாற்ற, பதநீரையும் கருப்பட்டியையும் கேட்டு வாங்குகிற ஆள் வேண்டும்.

ஐரோப்பியக் கிராமங்கள் கற்றுக்கொண்ட பாடம் இதுதான். ருசி பார்க்க வைத்தால், வருகிறவர் விலையை மட்டும் பார்க்க மாட்டார். ஒரு லிட்டர் ஆலிவ் எண்ணெய்க்கு ஐந்து கிலோ அளவுக்குக் காய் தேவை என்று தோட்டத்தில் நின்று கேட்டவர், அடுத்த முறை கடையில் பேரம் பேசத் தயங்குவார்.

பயணத் திட்டம்

* கோடைக் காலம் என்றால் காலையிலேயே கிளம்புங்கள். வழியில் பதநீர் கிடைத்தால் வெயில் ஏறும் முன் குடித்துவிடுங்கள்.
* பிறகு குன்றாண்டார்கோவில். குகையையும் தேர் மண்டபத்தையும் நிதானமாகப் பாருங்கள்.
* திரும்பும்போது, எதிரில் ஆட்டித் தரும் செக்குக் கடையில் அரை மணி நேரம். கையில் நான்கு இட்லியும் பொடியும் இருந்தால் இன்னும் நல்லது. புது எண்ணெயின் ருசியை இட்லிப் பொடி சொல்லிவிடும்.
* முதல் தடவையே ஐந்து லிட்டர் வாங்க வேண்டாம். அரை லிட்டர் வாங்குங்கள். பாட்டிலில் ஊரின் பெயரையும் தேதியையும் எழுதி, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள்.
* கடைக்காரரிடம் எள் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் அடுத்த முறையும் போகலாம்.