ஈன்ற பசுவுக்குச் சர்க்கரை குறைகிறதா? வீட்டிலேயே சோதிக்கலாம்

"வீட்டில் பெரியவருக்குச் சர்க்கரை பார்க்கும் கருவி இருக்கிறது, அதைக் கொண்டு மாட்டுக்கும் பார்க்கலாமா?" தேவாலா, நாடுகாணி, பந்தலூர் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகள் கேட்கும் கேள்வி இது. பார்க்கலாம். ஆனால் அதில் தெரியும் எண்ணை மனிதர்களுக்குப் படிப்பது போலப் படித்தால் தவறான முடிவுக்கு வருவோம். மேலும், இரத்தமே எடுக்காமல், குறைந்த செலவில் கோமியத்தைக் கொண்டு செய்யக்கூடிய சோதனை ஒன்றும் இருக்கிறது. கறவை மாடு வைத்திருப்போர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

பச்சைத் தேயிலைக்கு விலை இறங்கும் மாதங்களில் சிறு விவசாயியின் வீட்டுச் செலவைத் தாங்குவது பெரும்பாலும் தொழுவத்தில் நிற்கும் ஒன்றிரண்டு பசுக்களே. ஈன்று இரண்டு, மூன்று வாரமான கலப்பினப் பசு 12 லிட்டர் கறந்துகொண்டிருந்தது, சில நாட்களில் 7 லிட்டருக்கு இறங்கிவிடுகிறது. அடர் தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. வைக்கோலை மட்டும் கொறிக்கிறது. சாணம் கெட்டிப்படுகிறது. விலா எலும்பு தெரியும்படி இளைக்கிறது. காய்ச்சல் இல்லை, மடியில் வீக்கம் இல்லை. கண்ணேறு என்று சுற்றிப் போடுவோரும் உண்டு. மாடு கெட்டுவிட்டது என்று வந்த விலைக்குத் தள்ளிவிடுவோரும் உண்டு. இப்படிப்பட்ட பசுவுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இரத்தத்தில் சர்க்கரைக் குறைவு. கால்நடை மருத்துவர்கள் இதனைக் கீட்டோசிஸ் என்பர். மூன்றாவது ஈற்றிலிருந்து, நன்றாகக் கறக்கும் பசுக்களையே இது மிகுதியாகத் தாக்குகிறது. எனவே, விற்றுவிடும் பசு பெரும்பாலும் நல்ல பசுவாகவே இருக்கும்!

நமக்கு மிகுதி, பசுவுக்குக் குறைவு

மனிதர்களுக்கு வரும் நீரிழிவு நாய்க்கும் வரும், பூனைக்கும் வரும். வளர்ப்புப் பூனைக்கு நீரிழிவு கண்டால் அதன் காது ஓரத்தில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு இரத்தம் எடுத்து வீட்டிலேயே சர்க்கரை பார்ப்போர் இருக்கிறார்கள். பூனையைக் கூடையில் வைத்து மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றாலே அச்சத்தில் அதன் சர்க்கரை ஏறிவிடுமாதலால், வீட்டில் பார்ப்பதே சரியான அளவைக் காட்டும். பசுவின் கதை இதற்கு நேர்மாறானது. பசுவுக்கு நீரிழிவு வருவது மிக அரிது. அதன் தொல்லை சர்க்கரை போதாமையே.

காரணத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் பாலில் ஏறக்குறைய 48 கிராம் பால் சர்க்கரை இருக்கிறது. 15 லிட்டர் கறக்கும் பசு, பால் வழியாக மட்டும் நாளொன்றுக்கு 700 கிராமுக்கு மேல் சர்க்கரையை வெளியே அனுப்புகிறது. இதைச் செய்வதற்கு மடி இரத்தத்திலிருந்து இழுக்கும் சர்க்கரை ஒரு கிலோவையும் தாண்டும். ஆனால் 400 கிலோ எடையுள்ள பசுவின் இரத்தம் முழுவதிலும் எந்த ஒரு நேரத்திலும் இருக்கும் சர்க்கரை 15 கிராமுக்கு மேல் இராது. நாம் ஒரு குவளைத் தேநீரில் போடுவதைப் போல் சற்றுக் கூடுதல், அவ்வளவே. எனவே கல்லீரல் ஓயாமல் சர்க்கரை தயாரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பசு தின்னும் மாவும் இனிப்பும் நம் குடலில் சேர்வது போல அதன் இரத்தத்தில் நேரே சேர்வதில்லை. முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைத்து அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. அவற்றுள் புரோப்பியானிக் அமிலம் என்ற ஒன்றிலிருந்துதான் கல்லீரல் பெருமளவு சர்க்கரையைச் செய்கிறது. ஈன்ற முதல் சில வாரங்களில் பால் விரைவாக ஏறுகிறது; பசியோ மெதுவாகவே ஏறுகிறது. இடையில் விழும் துண்டை ஈடுகட்ட, பசு தன் உடற்கொழுப்பைக் கரைக்கிறது. கொழுப்பு அளவுக்கு மிஞ்சிக் கல்லீரலுக்கு வரும்போது அது முழுமையாக எரியாமல் கீட்டோன் என்னும் பொருட்களாகத் தேங்குகிறது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை பசுவின் மூச்சிலும் பாலிலும் வீசுவது இதனால்தான். (இந்த வாடையை எல்லோராலும் உணர முடிவதில்லை, வாடை இல்லை என்பதால் நோய் இல்லை என்று எண்ண வேண்டாம்.) கீட்டோன் மிகுந்தால் பசி மேலும் மங்கும், பசி மங்கினால் கீட்டோன் மேலும் கூடும்.

மழைக்காலப் புல்லின் ஏமாற்று

தேவாலா தமிழ்நாட்டில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஆனி, ஆடி மாதங்களில் அறுத்துப் போடும் பச்சைப்புல்லில் நூற்றுக்கு 85 பங்கு வரை தண்ணீர் இருக்கும். 40 கிலோ புல் போட்டால் பசுவுக்குக் கிடைக்கும் உலர்பொருள் 6 கிலோதான். 400 கிலோ எடையுள்ள கறவைப் பசுவுக்குத் தேவையோ ஏறக்குறைய 12 கிலோ. வயிறு நிறைந்து, பக்கம் புடைத்து நிற்கும் பசு உள்ளுக்குள் பட்டினி கிடக்கிறது. புல் கட்டு பெரிதாக இருப்பதைக் கண்டு அடர் தீவனத்தைக் குறைப்பது இந்த நேரத்தில் செய்யக்கூடாத சிக்கனம்.

கோமியச் சோதனை

நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரில் கீட்டோன் பார்ப்பதற்கென மருந்துக் கடைகளில் பட்டைகள் விற்கப்படுகின்றன. அதே பட்டை பசுவின் கோமியத்துக்கும் பயன்படும். வாங்கும்போது "கீட்டோன் காட்டும் பட்டை" என்று தெளிவாகக் கேட்டு வாங்க வேண்டும். சர்க்கரையை மட்டும் காட்டும் பட்டை நமக்கு உதவாது.

காலையில் படுத்திருக்கும் பசுவை எழுப்பினால் சிறிது நேரத்தில் கோமியம் விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. விடாவிட்டால் பிறப்புறுப்புக்குச் சற்றுக் கீழே கையால் மெல்லத் தேய்த்துக்கொடுத்தால் விடும். முதலில் வரும் சிறிதளவை விட்டுவிட்டு, சுத்தமான குவளையில் பிடிக்கவும். சாணம் கலக்கக்கூடாது. பட்டையின் முனையை நனைத்து எடுத்து, புட்டியின் மேல் குறிப்பிட்டுள்ள வினாடிகள் கழிந்ததும் நிறத்தை ஒப்பிட வேண்டும். இது பெரும்பாலும் 15 முதல் 40 வினாடிகளுக்குள் இருக்கும். நேரம் தாண்டிப் பார்த்தால் நிறம் மாறிக் குழப்பும். நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது முக்கியம். மழை மூடிய காலையில் தொழுவத்தின் உள்ளே இளஞ்சிவப்பும் ஊதாவும் ஒன்றாகவே தெரியும்.

நிறம் மாறவில்லை எனில் கவலையில்லை. இலேசான இளஞ்சிவப்பு மட்டும் தெரிந்தால், புதிதாக ஈன்ற பசுக்களில் இது அடிக்கடி காணப்படுவதே. தீவனத்தைக் கவனித்துக்கொண்டு இரண்டு நாள் கழித்து மறுபடி பார்க்கவும். நடுத்தர ஊதாவோ கரும் ஊதாவோ தோன்றினால் அன்றே மருத்துவரை அணுக வேண்டும். ஈன்ற 5 முதல் 7 நாட்களுக்குள் ஒரு முறையும், இரண்டாம் வார இறுதியில் ஒரு முறையும் பார்த்தால் போதுமானது. அதன் பிறகு ஆறு வாரம் வரை, பால் காரணமின்றிக் குறையும் நாளில் பார்க்கவும்.

பாலிலும் கீட்டோன் பார்க்கலாம். 1908-ல் ரோதரா என்பவர் விளக்கிய முறையைத்தான் கால்நடை மருந்தகங்களில் இன்றும் செய்கிறார்கள். பொடியின் மீது சில சொட்டுப் பால் விட்டால் ஊதாவாகும். பாலில் கீட்டோன் கோமியத்தைவிடக் குறைவாகவே இறங்குவதால், பாலில் நிறம் தோன்றினால் அதைப் புறக்கணிக்கவே கூடாது. இந்தப் பொடியில் நச்சுப்பொருள் சேர்வதால் வீட்டில் கலக்க முயல வேண்டாம்.

சர்க்கரைக் கருவியைப் பயன்படுத்துவோருக்கு

கன்று ஈனாத மனிதருக்கும் கறக்கும் பசுவுக்கும் அளவு ஒன்றாக இராது. வெறும் வயிற்றில் நமக்கு 70 முதல் 100 மில்லிகிராம் என்றால், நலமான பசுவுக்கு ஏறக்குறைய 45 முதல் 70 தான். கருவி 55 என்று காட்டினால் மனிதருக்கு அது ஆபத்து. பசுவுக்கு அது இயல்பு. ஈன்ற பசுவுக்கு 40-க்குக் கீழ் காட்டினால் சந்தேகப்பட வேண்டும். கருவி மனித இரத்தத்துக்கென அளவு குறித்துச் செய்யப்பட்டதாகையால், மாட்டு இரத்தத்தில் சற்றுக் கூடவோ குறையவோ காட்டும் என்பதையும் மனத்தில் கொள்ளவும். மிரண்டு, கயிற்றை இழுத்துப் போராடிய பசுவுக்கு, பூனைக்கு ஏறுவது போலவே சர்க்கரை ஏறிவிடும். நோயிருந்தும் நல்ல எண்ணைக் காட்டும். இதனால்தான் சர்க்கரையைவிடக் கீட்டோனை நம்புகிறோம்.

கீட்டோனை இரத்தத்தில் அளக்கும் கைக்கருவியும் உண்டு. அதில் 1.2-க்கு மேல் என்றால் மறைந்திருக்கும் நோய். 3-ஐ நெருங்கினால் முற்றிய நோய். பட்டையின் விலை அதிகமாதலால் ஒன்றிரண்டு மாடு வைத்திருப்போருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. எந்தக் கருவியானாலும் காது ஓரத்தைத் துடைத்து, புதிய ஊசியால் குத்தி ஒரு சொட்டு எடுக்கலாம். வயிற்றடியில் ஓடும் பால் நரம்பில் குத்தவே கூடாது. மடி சர்க்கரையை உறிஞ்சிய பின் வரும் இரத்தம் அது. அளவு தவறாகக் காட்டுவதுடன், இரத்தக் கசிவும் சீழும் வரக்கூடும்.

வேறு நோயா என்று பார்த்தல்

பட்டை ஊதாவானால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. கருப்பையில் புண், வயிற்றில் கம்பி, குளம்பு நோய், உண்ணிச்செடியைத் தின்றதால் வந்த நஞ்சு என எதனால் பசு தீவனம் எடுக்காவிட்டாலும் கீட்டோன் பின்னாலேயே வரும். எனவே உடல் வெப்பம் பார்க்கவும். 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் இயல்பு. காய்ச்சல் இருந்தால் வேறு நோயைத் தேட வேண்டும். ஈன்ற இரண்டு, மூன்று நாட்களுக்குள் காது சில்லிட்டு, கழுத்தை மடித்துப் படுத்துவிடும் பசுவுக்கு வந்திருப்பது சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வரும் பால் காய்ச்சல். அது மணிக்கணக்கில் கவனிக்க வேண்டியது.

சில பசுக்களுக்கு இந்நோய் மூளையைத் தாக்கும். சுவரையும் தன் உடலையும் ஓயாமல் நக்கும், வட்டமிடும், கத்தும், எச்சில் வடிக்கும். வெறிநோயும் ஏறத்தாழ இப்படியே தோன்றும். வாய்க்குள் கை விட்டுப் பார்ப்பது, மருந்து புகட்டுவது இரண்டையும் மருத்துவர் வரும்வரை தவிர்க்க வேண்டும். நாய் கடித்த செய்தி இருந்தால் மறைக்காமல் சொல்லவும்.

வெல்லம் கொடுக்கலாமா?

சர்க்கரைக் குறைவு என்றதும் அரைக் கிலோ வெல்லத்தைக் கரைத்து ஊற்றுவது நம் வழக்கம். மேலே சொன்ன காரணத்தால் அது இரத்தத்துக்குச் சர்க்கரையாகப் போய்ச் சேராது. வயிற்றில் புளித்து, கீட்டோனாகவே மாறக்கூடிய பியூட்ரிக் அமிலத்தைக் கூட்டும். அதிகமானால் வயிற்றில் புளிப்பு மிகுந்து இருக்கும் பசியும் போகும். தீவனத்தில் ருசிக்காக ஒரு கைப்பிடி தூவுவதில் தவறில்லை. சர்க்கரை சேர வேண்டிய வழி இரத்தக்குழாய். அதனை மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றித் தருவார். அதன் பயன் சில மணி நேரமே நிற்குமாதலால், தொடர்ந்து புரோப்பிலீன் கிளைக்கால் என்ற மருந்தை நாளொன்றுக்கு 300 மி.லி. அளவில் 3 முதல் 5 நாள் வாய்வழி கொடுக்கச் சொல்வார். கல்லீரல் இதைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். தலையை உயரத் தூக்கியோ, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்தோ ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். சிறிது சிறிதாக, விழுங்க விட்டு ஊற்றவும்.

ஓர் எச்சரிக்கை: ஜீப், லாரி ரேடியேட்டரில் ஊற்றும் திரவத்தில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். பெயர் ஒன்றுபோல் இருப்பினும் அது கொடிய நஞ்சு. மருந்தைக் கால்நடை மருந்துக் கடையிலன்றி வேறெங்கும் வாங்க வேண்டாம்.

முன்னதாகச் செய்ய வேண்டியவை

பால் வற்றிய இரண்டு மாதத்தில் பசுவைக் கொழுக்க விடக்கூடாது. கொழுத்த பசுவே ஈன்றபின் விரைவில் விழுகிறது. ஈனுவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பிருந்து அடர் தீவனத்தைச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். ஈன்றபின் இரண்டு நாளைக்கு அரைக் கிலோ வீதம் உயர்த்தி, மூன்று லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்ற அளவுக்குக் கொண்டுவரலாம். ஒரேயடியாக உயர்த்தினால் வயிறு புளிக்கும். அறுத்த புல்லைக் கூரைக்கடியில் அரை நாள் பரப்பி வாடவிட்டுப் போடுவது நல்லது. கூடலூர், வயநாட்டுப் பக்கம் நெல் அறுவடையாகும் தை, மாசியிலேயே வைக்கோல் வாங்கிப் போர் போட்டுவிட்டால் ஆடியில் கைகொடுக்கும்.

மருந்தகம் தொலைவில் இருந்தால் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். அழைக்கும்போது ஈன்ற தேதி, பால் எத்தனை லிட்டரிலிருந்து எத்தனைக்கு இறங்கியது, உடல் வெப்பம், பட்டையின் நிறம் ஆகிய நான்கையும் சொன்னால் மருத்துவர் தக்க மருந்துடன் வருவார்.

பட்டைப் புட்டியைத் திறந்தவுடன் மூட வேண்டும். தேவாலாவின் ஈரக்காற்று பட்டால் பட்டை பழுத்து நிறம் காட்டாது. உள்ளே இருக்கும் உறிஞ்சிப் பொட்டலத்தை எறியாமல், அடுப்படிப் புகை படாத உலர்ந்த அலமாரியில் வைக்கவும். திறந்த புட்டி சில மாதங்களுக்கே பயன்படும். ஒரு வீட்டுக்கு அத்தனை பட்டை செலவாகாது. பால் சங்கத்தில் ஒன்றாக ஊற்றும் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு புட்டி வாங்கி, திறந்த தேதியை அதன்மேல் எழுதி வைத்துக்கொள்ளலாம்.