கேம் ஓபன் ஆகலையா? ஃபார்மட் அடிப்பதற்கு முன் இந்த 10 நிமிடச் சோதனை!

பிளே பட்டனை அழுத்தியதும் திரை ஒரு நொடி கறுக்கிறது. மவுஸ் பக்கத்தில் வட்டம் சுற்றுகிறது. பிறகு பழையபடி டெஸ்க்டாப். எரர் மெசேஜ்கூட இல்லை. இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப் வைத்திருக்கும் பலர் ஒருமுறையாவது பார்த்திருக்கும் காட்சி இது.

தென்காசியில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே குற்றாலச் சாரல். லேப்டாப் அக்காவுடையது, தவணை இன்னும் முடியவில்லை. வாரம் முழுக்க அவர் அதில் வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறார். சனி, ஞாயிறு மட்டும் தம்பி கைக்கு வரும். "அக்கா, கேம் ஓபனே ஆக மாட்டேங்குது. கடைல கேட்டேன், ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்ங்காங்க" என்கிறார் தம்பி. "லே, என் ஃபைல் எல்லாம் அதுலதான இருக்கு!" என்று பதறுகிறார் அக்கா.

பதற்றம் நியாயமானது. 2011-ல் மத்தளம்பாறையில் ஸோஹோ அலுவலகம் தொடங்கியது முதல், தென்காசி வட்டாரத்தில் ஐ.டி. வேலை புதிய விஷயம் இல்லை. விளையாடும் லேப்டாப்பே சம்பாதிக்கும் லேப்டாப்பாகவும் இருக்கும் வீடுகளில், ஒரு கேமுக்காக மொத்தத்தையும் அழிப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். பெரும்பாலும் அதற்குத் தேவையே வராது.

எதற்கு இரண்டு சிப்?

பிராசஸருடன் சேர்ந்தே வரும் சிறிய கிராஃபிக்ஸ் ஒன்று. இன்டெல் அல்லது ஏஎம்டி. தனியாகப் பொருத்தப்பட்ட பெரிய கிராஃபிக்ஸ் இன்னொன்று, பெரும்பாலும் என்விடியா. மெயில் பார்க்க, வீடியோ பார்க்கச் சிறியது போதும், பேட்டரி நிற்கும். கேம், எடிட்டிங் என்றால் பெரியது எழுந்து வரும். இந்த மாறுதலைத் தானாகவே செய்யும் ஆப்டிமஸ் தொழில்நுட்பத்தை என்விடியா 2010-ல் கொண்டுவந்தது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. பெரும்பாலான லேப்டாப்களில் திரைக்குப் போகும் இணைப்பு சிறிய சிப்பிடம்தான் இருக்கிறது. பெரிய சிப் படத்தை வரையும். அதை வாங்கித் திரைக்குக் கொண்டுபோவது சிறியது.

பிரானூர் பார்டர் பரோட்டா கடையை நினைத்தால் எளிதில் புரியும். அடுப்பில் நிற்கும் மாஸ்டர்தான் பெரிய சிப். இலைக்குக் கொண்டுவரும் சப்ளையர் சிறிய சிப். மாஸ்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், சப்ளையர் இல்லாவிட்டால் சாப்பாடு மேசைக்கு வராது.

எங்கே தடுமாறுகிறது?

கேம் தொடங்கியதும் முதலில் கேட்கும் கேள்வி, "இங்கே எந்த கிராஃபிக்ஸ் இருக்கிறது, அதனால் என்னவெல்லாம் முடியும்?" என்பதுதான். மாஸ்டரிடம் போக வேண்டிய ஆர்டர் சப்ளையரிடம் போய்விட்டால், "என்னால் முடியாது" என்ற பதில்தான் வரும். சில கேம்கள் அதை எரராகக் காட்டும். சில கேம்கள் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். இரண்டு சிப்புகளில் ஒன்றின் டிரைவர் பழையதாக இருந்தாலும் இதே கதைதான்.

வரிசையாகப் பாருங்கள்

1. சார்ஜரை மாட்டுங்கள். பேட்டரியில் ஓடும்போது பெரிய சிப்பை அணைத்துவைக்கும் 'எக்கோ' போன்ற மோடு பல லேப்டாப்களில் உண்டு. காற்று, மழையில் கரண்ட் போய் லேப்டாப் பேட்டரிக்கு மாறியிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. லேப்டாப் நிறுவனத்தின் செட்டிங்ஸ் ஆப்பைத் திறந்து, எந்த மோடில் இருக்கிறது என்று பாருங்கள்.

2. இரண்டு சிப்பும் இருக்கிறதா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு 0, ஜிபியு 1 என இரண்டு தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால், மற்றது அணைக்கப்பட்டிருக்கலாம் அல்லது டிரைவர் இல்லாமல் இருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் பகுதியில் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. விண்டோஸிடம் சொல்லுங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போங்கள். கேமைச் சேர்த்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று தேர்ந்தெடுங்கள். 2018-ல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து இந்த வசதி இருக்கிறது. என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஏற்கெனவே மாற்றிவிட்டேனே என்றால், அது போதாது. இரண்டும் முரண்பட்டால் புதிய விண்டோஸில் விண்டோஸ் சொல்வதுதான் செல்லும்.

4. சரியான ஃபைலைச் சேர்த்தீர்களா? அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. லாஞ்சர் வேறு, கேம் வேறு. மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷன் நல்ல உதாரணம். லாஞ்சரை 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கினாலும் பலன் இருக்காது. உண்மையில் ஓடுவது 'ஜாவாடபிள்யூ' என்ற புரோகிராம். அதைச் சேர்க்க வேண்டும். ஓப்பன்ஜிஎல் ஆதரவு இல்லை என்று சொல்லி வரும் 65542 எரரும் பெரும்பாலும் டிரைவர் கோளாறுதான். எந்த ஃபைல் ஓடுகிறது என்று தெரியாவிட்டால், கேம் திறக்க முயலும் அந்த நொடியில் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் பெயர் தெரிந்துவிடும்.

5. இரண்டு டிரைவரையும் புதுப்பியுங்கள். என்விடியாவை மட்டும் அப்டேட் செய்துவிட்டு இன்டெலை விட்டுவிடுவார்கள். சப்ளையரும் தயாராக இருக்க வேண்டுமே! லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான டிரைவரை முதலில் போடுங்கள். நேற்றுவரை ஓடிய கேம் அப்டேட்டுக்குப் பிறகு நின்றிருந்தால், டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பழைய டிரைவருக்குத் திரும்பலாம்.

6. கேம் ஃபைல்களைச் சரிபாருங்கள். ஸ்டீம், எபிக் இரண்டிலும் 'வெரிஃபை' வசதி உண்டு. கெட்டுப்போன, விடுபட்ட ஃபைல்களை மட்டும் மறுபடி இறக்கும். முழு கேமையும் டவுன்லோடு செய்து டேட்டாவைக் கரைக்க வேண்டாம்.

துப்பு இருக்கும் இடம்

எரரே வராமல் மூடிக்கொள்ளும் கேமும் ஒரு தடயத்தை விட்டுச்செல்லும். ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று டைப் செய்து, வரும் வரலாற்றுப் பக்கத்தைத் திறங்கள். கேம் விழுந்த நாளில் சிவப்புக் குறி இருக்கும். அதன் விவரத்தில் 'ஃபால்ட் மாட்யூல்' பெயரைக் கவனியுங்கள். 'என்', 'வி' என்று தொடங்கினால் என்விடியா பக்கம். 'ஐ', 'ஜி' என்றால் இன்டெல் பக்கம். 'எம்எஸ்விசி' என்று தொடங்கினால் விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மறுபடி நிறுவிப் பாருங்கள்.

எல்லாப் பழியும் கிராஃபிக்ஸ் மேல் இல்லை. விண்டோஸ் 11-ல் வாலரன்ட் திறக்காமல் 'வான் 9001', 'வான் 9003' என்று வந்தால், அது டிபிஎம், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்புகள் பற்றிய புகார். பயாஸில் அவற்றை மாற்றுவதற்கு முன், பிட்லாக்கர் ரெக்கவரி கீயை வேறொரு இடத்தில் எழுதி வையுங்கள். மாற்றிய பிறகு லேப்டாப் அந்தக் கீயைக் கேட்டு, அது உங்களிடம் இல்லையென்றால், கேம் மட்டுமல்ல, ஃபைல்களும் கைக்கு வராது.

இதைச் செய்யவே செய்யாதீர்கள்

"இன்டெலை டிசேபிள் பண்ணிடுங்க, என்விடியா தானா ஓடும்" என்று வீடியோக்களில் வரும் அறிவுரை ஆபத்தானது. அது சப்ளையருக்கு லீவு கொடுப்பது போல. திரையின் இணைப்பு இன்டெலிடம் இருக்கும் லேப்டாப்பில் என்விடியாவும் சேர்ந்து முடங்கும். படம் மங்கி, பெரிதாகத் தெரியும். ஏற்கெனவே செய்திருந்தால் அதே இடத்தில் 'எனேபிள்' கொடுத்தால் போதும்.

'மக்ஸ் ஸ்விட்ச்' உள்ள லேப்டாப்களின் கதை வேறு. அங்கே மாஸ்டரே நேராகப் பரிமாறலாம். ஆனால் அந்த மாற்றத்தையும் நிறுவனத்தின் ஆப் அல்லது பயாஸ் வழியாகத்தான் செய்ய வேண்டும்.

இந்த இரட்டைச் சிப் தலைவலி பெரிய தலைகளையும் விட்டுவைக்கவில்லை. 2012-ல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில், ஆப்டிமஸ் லேப்டாப் லினக்ஸில் சரியாக ஓடவில்லை என்று ஒருவர் எழுப்பிய கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவை நோக்கி நடுவிரலைக் காட்டினார். பெரிய சிப்பில் வரைந்து சிறிய சிப் வழியே காட்டும் வசதியை, லினக்ஸ் டிரைவரில் என்விடியா 2019-ல்தான் சேர்த்தது.

சாரல் சீசனில் கவனம்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலம், தென்காசி காற்றில் ஈரம் அதிகம். ஏசி காரிலோ அறையிலோ குளிர்ந்திருந்த லேப்டாப்பை ஈரக்காற்றுக்கு எடுத்துவந்த உடனே ஆன் செய்யாதீர்கள். உள்ளே நீர் பூத்திருக்கலாம். அரை மணி நேரமாவது பொறுங்கள். நனைந்த துண்டு இருக்கும் பையிலேயே லேப்டாப்பையும் வைக்காதீர்கள். ஃபேன் ஓட்டைகளில் தூசியும் ஈரமும் சேர்ந்தால் வெப்பம் வெளியேறாது. கேம் ஓபன் ஆகிச் சில நிமிடங்களில் லேப்டாப்பே அணைந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

எப்போது கடைக்குப் போகலாம்?

டிரைவரைச் சுத்தமாக மறுபடி நிறுவிய பிறகும் டிவைஸ் மேனேஜரில் 'கோடு 43' நிற்கிறது, எல்லா கேமிலும் திரையில் கோடுகள் ஓடுகின்றன, பயாஸிலும் பெரிய சிப் தெரியவில்லை. இப்படியென்றால் ஹார்டுவேர் பிரச்னையாக இருக்கலாம். அப்போது பேக்கப் எடுத்துக்கொண்டு, வாரண்டி இருந்தால் சர்வீஸ் சென்டருக்கே போங்கள். "ஃபார்மட் அடிச்சிருவோமா?" என்று கேட்டால், "அண்ணாச்சி, முதல்ல என்ன எரர்னு பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்பதில் தவறே இல்லை.

அந்த வீட்டுக்குத் திரும்புவோம். தம்பி சேர்த்திருந்தது லாஞ்சரை. சேர்க்க வேண்டியது கேமை. சார்ஜரை மாட்டி, அந்த ஒரு வரியை மாற்றினால் முடிகிற வேலை. அக்காவின் ஃபைல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனாலும் இன்று இரவே அவற்றை ஒரு ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து வைப்பது நல்லது.