ஓடையில் கிடந்த பள்ளத்தி

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பதற்கும் இயற்கை விவசாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்கும் முதலில் தெரியாதுதான்.

சில வருடங்களுக்கு முன் பேரப்பிள்ளைகளுக்காக மூன்றடி நீளத் தொட்டி ஒன்று வாங்கினேன். கடையில் 'ராம்' என்று விற்கிற குட்டி மீன் நாலு ஜோடி. தென் அமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றுப் பக்கத்து மீன் அது. அன்றைக்கே தண்ணீர் நிரப்பி, அன்றைக்கே மீனை விட்டேன். பத்து நாளில் ஒன்றும் மிஞ்சவில்லை.

தப்பு என்னுடையது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நுண்ணுயிர்கள் மணலில் குடியேற ஒரு மாதமாவது வேண்டும். மண்ணில் உயிர் இல்லாமல் பயிர் இல்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறவன், தொட்டியில் அதை மறந்துபோனேன்.

பக்கத்து வயல்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "காசு குடுத்து எதுக்கு அண்ணாச்சி மீன்? நம்ம ஓடையில பள்ளத்தி கிடக்கே!"

நம்ம ஊர் சிக்லிட்

ராம் மீனும் பள்ளத்தியும் சிக்லிட் என்ற ஒரே குடும்பம். ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் நூற்றுக்கணக்கில் இருக்கிற இந்தக் குடும்பத்தில் இந்தியாவுக்குச் சொந்தமானவை மூன்றே வகை. கேரளம் 2010-இல் மாநில மீனாக அறிவித்த கரிமீன் ஒன்று, கர்நாடகத்துக் கரிமீன் வகை ஒன்று, மூன்றாவது பள்ளத்தி. மூன்று அங்குலம்தான் வளரும். மஞ்சள் உடம்பு, நடுவில் கறுப்புப் பொட்டு. பழையாறு மணக்குடியில் கடலைச் சேர்கிற கழிமுகம் மாதிரியான உப்புத் தண்ணீரிலும், மேலே நன்னீரிலும் வாழக்கூடியது. நம்ம குளங்களில் நிறைந்து கிடக்கிற ஜிலேபியும் இதே குடும்பம்தான். ஆனால் அது 1952-இல் வெளியிலிருந்து கொண்டுவந்தது.

வளர்க்கும் முறை

இந்தத் தடவை பொறுமையாகச் செய்தேன். கழுவிய ஆற்றுமணல் இரண்டு அங்குலம். சின்ன மண்சட்டிகளில் கொட்டி, வேலம்பாசி. ஒரு மாதம் செடி மட்டும். பிறகு பள்ளத்திக் குஞ்சு ஆறு, ஓடைக் கெண்டைக் குஞ்சு பத்து. வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றுவேன். வடிக்கிற தண்ணீரில் நைட்ரேட் இருக்கும். கீரைப் பாத்திக்கு நல்லது. தீனிக்குக் கொசுப்புழு, நறுக்கிய மண்புழு.

ஜோடியை நாம் சேர்க்க வேண்டாம், அவையே சேர்ந்துகொள்ளும். கவிழ்த்து வைத்த சிரட்டையைத் துடைத்துச் சுத்தம் பண்ணி, இருநூறு முட்டை வரை ஒட்டி வைத்தன. தாயும் தகப்பனும் முறைபோட்டுத் துடுப்பால் விசிறுகின்றன. அந்த நாட்களில் மற்ற மீன்களை அண்ட விடாது. ஒளிந்துகொள்ளச் செடி அடர்த்தியாக இருக்க வேண்டும். என் தொட்டியில் ஐந்தாம் நாள் பொரித்தது. நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் பெற்றோர் உடம்பில் ஊறும் வழவழப்பைக் கொத்தித் தின்னும். அதனால் குஞ்சைப் பிரித்து வைக்கக் கூடாது.

ஓடை சொன்ன கணக்கு

வங்கி வேலை முடிந்து ஊருக்கு வந்த முதல் வருடம், நானும் வாழைக்குக் குருணை மருந்து போட்டவன்தான். ராத்திரி நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தால், இதே ஓடையில் சின்ன மீனெல்லாம் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. அதில் பள்ளத்தியும் இருந்தது. வாழைக்குப் போட்டது அங்கே வரை போகும் என்று நான் நினைக்கவே இல்லை. நஞ்சை விட்டதற்கு அந்தக் காலைதான் காரணம். மீன் திரும்பி வந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. பக்கத்து வயல்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

அவர் இன்னும் மருந்து அடிக்கிறார். இப்போது தொட்டியைப் பார்க்க அடிக்கடி வருகிறார். போன பூவில் அவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "ஓடைக்கரையிலுள்ள வரிசைக்கு மட்டும் அடிக்காம இரும்." சரி என்றார். செய்தார்.

உழவர் நண்பர்களே, தொட்டி வைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் வாங்கிய வெளிநாட்டு மீன் அலுத்துப்போனால் குளத்திலோ ஆற்றிலோ விடாதீர்கள். தொட்டி வைக்காதவர்களுக்கும் ஒன்று: அடுத்த முறை மருந்து டப்பாவைத் திறக்குமுன், உங்கள் ஓடையில் ஐந்து நிமிடம் குனிந்து பாருங்கள்.