பிரெஞ்சு அலங்காரப் பாரமானிகளின் காலத்தை அறிதல்

பிரெஞ்சு அலங்காரப் பாரமானிகள் என்பவை, 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சின் செல்வர் இல்லங்களில் சுவரில் மாட்டப்பட்ட காற்றழுத்தமானிகள் ஆகும். செதுக்கிப் பொன் பூசிய மரச்சட்டமும் அதன் நடுவே முள்ளுடன் கூடிய வட்ட முகப்பும் இவற்றின் பொதுவான அமைப்பு. சட்டம், முகப்பு, உட்கருவி ஆகிய மூன்றையும் தனித்தனியே ஆராய்ந்த பின்னரே இவற்றின் காலத்தைக் கூற வேண்டும்.

பெயர்
பல முகப்புகளில் "செலோன் டாரிசெல்லி" என்று எழுதப்பட்டிருக்கும். இதைச் செய்தவரின் பெயராகக் கொள்வது தவறு. "டாரிசெல்லியின் முறைப்படி" என்பதே இதன் பொருள். பாதரசப் பாரமானியின் தத்துவத்தைக் கண்டறிந்த இத்தாலியரான டாரிசெல்லி 1647-இலேயே இறந்துவிட்டார். "பார்" என்னும் சொல்லை அடுத்து வரும் பெயர் பெரும்பாலும் கருவியைச் செய்தவரையோ விற்றவரையோ குறிக்கும்; சட்டத்தைச் செதுக்கியவர் வேறொருவராக இருக்கலாம்.

அளவுகோல்
பழைய முகப்புகள் "பூஸ்" எனும் பிரெஞ்சு அங்குலத்தில் அமைந்தவை. ஒரு பூஸ் ஏறத்தாழ 27.07 மி.மீ. ஆகும். 28 பூஸ் என்பது சுமார் 758 மி.மீ. பாதரச உயரம். பிரான்சில் மெட்ரிக் முறை 1795-இல் சட்டமானது. 1840 முதல் கட்டாயமானது. எனவே சென்டிமீட்டர் எண்கள் கொண்ட முகப்பு 1795-க்கு முற்பட்டதன்று. ஆனால் பூஸ் அளவு இருப்பதாலேயே ஒரு முகப்பு அதற்கு முந்தையது என்று முடிவு செய்ய இயலாது. புதிய முறை வந்த பின்னும் பழைய அளவு வழக்கில் இருந்தது.

உட்கருவி
பாதரச வகையில், வளைந்த குழாயிலுள்ள பாதரசத்தின் மேல் ஒரு மிதவை இருக்கும். அதனுடன் கட்டிய நூல் ஒரு கப்பியைச் சுழற்ற, முள் நகரும். பாதரசம் ஏறத்தாழ 76 செ.மீ. உயரம் நிற்பதால் சட்டமும் பொதுவாக அதைவிட நீளமாக இருக்கும். பாதரசம் இல்லாத அனிராய்டு பாரமானிக்கு லூசியன் விடி 1844-இல் காப்புரிமை பெற்றார். அதில் காற்று நீக்கிய உலோகப் பெட்டியே முள்ளை இயக்குகிறது.

சட்டம்
புறாக்கள், அம்பறாத்தூணி, இசைக்கருவிகள் ஆகியவை பதினாறாம் லூயி காலத்து (1774–1792) வேலைப்பாடுகள். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் (1852–1870) இதே பாணி மீண்டும் பரவியதால், வேலைப்பாட்டை மட்டும் நம்பக் கூடாது. இத்தகைய சட்டத்தினுள் அனிராய்டு கருவி இருந்தால், ஒன்று அது பிற்காலப் படைப்பு; அல்லது பழைய சட்டத்தில் கருவி மாற்றப்பட்டுள்ளது. பின்புறத்தில் நீண்ட குழாய்க்கான பள்ளம் வெறுமையாக இருப்பது கருவி மாற்றப்பட்டதற்குச் சான்றாகும்.

எச்சரிக்கை
பாதரச ஆவி நச்சுத்தன்மை உடையது. ஆகவே பாதரசப் பாரமானியைச் சாய்க்காமல், பயிற்சி பெற்றவரைக் கொண்டே திறந்து பார்க்க வேண்டும்.