சண்டிகர்: அடுத்த செக்டார் வெகு தூரம்

*காற்றும் நிழலும் தாராளம். ஆனால் நடப்பவருக்குக் குறுக்குவழிதான் கிடையாது.*

சண்டிகரில் முகவரி சொல்வது சுலபம். செக்டார் எண்ணும் வீட்டு எண்ணும் போதும். அங்கே நடந்து போவதுதான் சிரமம். ஒரு செக்டாரின் நீளம் சுமார் 1,200 மீட்டர், அகலம் 800 மீட்டர். வெளிச்சாலை வழியாக ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போக 2 கிலோமீட்டர். மே மாத வெயிலில் அரை மணி நேர நடை.

1951இல் லெ கார்புசியே இந்த அளவை வகுத்ததற்குக் காரணம் உண்டு. பள்ளி, கடை, பூங்கா எல்லாம் செக்டாருக்குள்ளேயே இருந்தால் குழந்தை பெரிய சாலையைக் கடக்க வேண்டியதில்லை. உள்ளே இந்த ஏற்பாடு இன்றும் பலன் தருகிறது. சிக்கல் எல்லையில்தான். வேகமான வெளிச்சாலைகளை நோக்கி வீட்டு வாசல்கள் திறப்பதில்லை. கடையும் இல்லை, மனித முகமும் இல்லை. மதில்களும் மரங்களும் மட்டுமே துணை.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகர மையம் இதற்கு நேர் எதிர். அங்கே 200 அடிக்கு ஒரு தெரு. சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 150 சந்திப்புகள். சண்டிகரின் பெரிய சாலைகளை மட்டும் எண்ணினால் ஒன்றுதான் தேறும். தெருக்கள் அடிக்கடி குறுக்கிட்டால்தான் நகரம் உயிர்ப்போடு இருக்கும் என்று 1961லேயே வாதிட்டவர் ஜேன் ஜேக்கப்ஸ். இதற்கு விலையும் உண்டு: போர்ட்லண்ட் மையத்தில் சுமார் 40 சதவீத நிலம் சாலைக்கே போய்விடுகிறது.

அளவு மட்டுமே குற்றவாளி அல்ல. 1727இல் உருவான ஜெய்ப்பூரின் சௌக்டிகளும் சுமார் 800 மீட்டர் சதுரங்கள்தான். ஆனால் பெரிய வீதிகளின் இருபுறமும் கடைகள். உள்ளே சந்துகளின் வலை. நடப்பவர் எங்கும் நுழையலாம், எங்கும் வெளியேறலாம்.

சண்டிகரின் அடுத்த கேள்வி நெருக்கம். 5 லட்சம் பேருக்காகத் திட்டமிட்ட நகரம். 2011 கணக்கெடுப்பில் யூனியன் பிரதேசத்தின் மக்கள் தொகை 10.5 லட்சம். 1 முதல் 30 வரையிலான செக்டார்களில் தனி வீடுகளை மாடிவாரியாகப் பிரித்து அடுக்குமாடிக் குடியிருப்பாக்க 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பாரம்பரியம் தப்பியது. ஆனால் நகர மையத்தில் புதிதாக வருபவருக்கு இடம் குறைவு. மொஹாலியிலும் பஞ்ச்குலாவிலும் குடியேறி வண்டியேறுவதே பலருக்கு வழி.

செக்டார்களை இனிச் சிறிதாக்க முடியாது. ஆனால் உள்ளிருக்கும் பசுமை நடைபாதைகள் பெரிய சாலையைத் தொடும் இடங்களிலெல்லாம் பாதசாரிகளுக்குச் சிக்னல் வைக்கலாம். ஒரு கட்டடத்தையும் இடிக்காமலே அடுத்த செக்டார் பக்கத்தில் வந்துவிடும்.