எலும்பு சாட்சி சொல்லும், தெரியுமா?

மட்டக்களப்பு வாவியின் தென்கோடியை ஒட்டிய கல்முனை. 2004 டிசம்பர் 26, சுனாமி நாள். ஆஸ்பத்திரிக்கு வந்த கைக்குழந்தைக்குப் பெயர் சொல்ல ஆளில்லை. அன்று சேர்க்கப்பட்ட 81ஆவது ஆள் என்பதால் உலகமே அதை 'பேபி 81' என்றது. யார் பெற்ற பிள்ளை என்று நீதிமன்றத்துக்குச் சொன்னது எது தெரியுமா? மரபணுப் பரிசோதனை! 2005 பெப்ரவரியில் பிள்ளை தாய் மடி சேர்ந்தது.

அங்கே சாட்சி மரபணு. பெயர் தெரியாத சடலத்துக்கு எலும்பின் எக்ஸ்ரேயும் பெயர் தேடித் தரும்! புருவத்துக்கு மேலே, நெற்றி எலும்புக்குள் காற்றறைகள் இருக்கின்றன. கைரேகை போல ஆளுக்கு ஆள் வேறு. இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட வேறு! பீனிசத்துக்கு எப்போதோ எடுத்த பழைய படம் வீட்டு அலுமாரியில் கிடந்தால், அதோடு ஒப்பிட்டே ஆளை அறியலாம். 1927இலேயே இப்படி அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

எக்ஸ்ரே சாட்சி சொன்னதோ அதற்கும் முன்பே! விஞ்ஞானி ரொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895 நவம்பரில். அடுத்த மாதமே, கிறிஸ்மஸுக்கு முதல் நாள், கனடாவின் மொன்றியலில் ஒருவருக்குக் காலில் துப்பாக்கிச் சூடு. வைத்தியர்கள் தேடியும் சன்னம் அகப்படவில்லை. 1896 பெப்ரவரியில் மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் கொக்ஸ் முக்கால் மணி நேரம் கதிர் பாய்ச்சிப் படமெடுத்தார். இரண்டு எலும்புகளுக்கு நடுவே சன்னம்! அந்தப் படம் நீதிமன்றம் ஏறியது. சுட்டவனுக்கு 14 ஆண்டுச் சிறை!

சரி, வாவியில் ஒரு சடலம் மிதக்கிறது. மூழ்கிய மரணமா, கொன்று போட்டதா? சிடி ஸ்கேன் எடுத்தால் முகத்துக் காற்றறைகளில் தேங்கிய நீரும் மூச்சுக்குழாயில் நுரையும் கத்தி படாமலே தெரியும். அவசரப்படக் கூடாது: உயிர் போன பிறகும் நீர் உள்ளே புகும். ஆகவே கழுத்தையும் பார்க்க வேண்டும். நாக்கடியில் இருக்கும் சின்ன எலும்பு முறிந்திருந்தால், கழுத்து நெரிபட்டதா என்று சட்ட வைத்திய அதிகாரி விசாரிக்கத்தான் வேண்டும்!

சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் 1990களின் கடைசியில் இந்தக் 'கத்தியில்லாப் பிரேதப் பரிசோதனை'யை வளர்த்தெடுத்தார்கள். டில்லி எய்ம்ஸில் 2021இல் இதற்கென்றே தனி நிலையம் திறந்தார்கள். எல்லா மரணத்துக்கும் இது போதாது. சில இதய நோய்கள் ஸ்கேனுக்குத் தப்பிவிடும். ஆனாலும் வீதி விபத்தில் மண்டை உடைந்ததைக் காட்ட இது எவ்வளவு பெரிய உதவி! காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஜனாஸாவை அன்றைக்கே அடக்கக் காத்து நிற்கிறார்கள். ஆரையம்பதித் தாய் பிள்ளையின் உடலில் கத்தி படக்கூடாதென்று அழுகிறாள். ஸ்கேனே போதுமான மரணங்களிலாவது அந்த வசதி நம் மக்களுக்குக் கிடைக்க வேண்டும்.